நான் சாகடித்த வாக்காளர்

“டீச்சரு, நான் எப்போ செத்தேன்?”

அங்கன்வாடி வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண்மணி என்னைப் பார்த்து இப்படித்தான் கேட்டார். உள்ளே பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினொரு மணிக்கு, இருபது பிள்ளைகள் பசியில் கத்திக்கொண்டிருக்கும்போது, ஒருத்தி வந்து விளையாடினால் வராதா?

“இன்னா முழிக்கிற? தேதி சொல்லு. வருசா வருசம் திதி குடுக்கணும்ல. பசங்க மறந்துடுவானுங்க, நானே குட்த்துக்கறேன்.”

அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். யோசித்த மாத்திரத்தில் கையிலிருந்த முட்டை நழுவித் தரையில் விழுந்தது. பார்த்தது பேனரில். சுற்றிலும் குத்துவிளக்கு எரிய, கழுத்தில் மாலையோடு.

சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் எங்கள் நாலு தெருவுக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் நான்தான். பெயர் என்னவோ கலெக்டர் ரேஞ்சுக்கு இருக்கும். வேலை என்னவென்றால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நேரம் போக வீடு வீடாக ஏறி இறங்கி, யார் இருக்கிறார்கள், யார் வீடு மாறினார்கள், யார் செத்தார்கள் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் பட்டியல் முழுவதையும் திருத்துகிறோம் என்று சொல்லி எங்களை நாயாக ஓட விட்டார்கள். கடைசியில் நீக்கிய பெயர்களை எல்லாம் தனித் தாளில் அடித்துப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினோம். அந்த அக்கா நேராக அந்தச் சுவரிலிருந்துதான் வருகிறார். அவர் பெயருக்கு நேரே ‘இறப்பு’ என்று இருந்தது. குறித்தவள் நான்.

எங்கள் பக்கம் ஒருவர் கண்ணை மூடினால், உடம்பு குளிர்வதற்குள் பேனர் ஏறிவிடும். கண்ணீர் அஞ்சலி, மேகம், புறா, இரண்டு பக்கமும் விளக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டு வருவதற்கு நாளாகும், பேனர் வர மூன்று மணி நேரம் போதும். நான் அதையே ஒரு வழியாக வைத்திருந்தேன். பால் வாங்கப் போனாலும் பஸ்ஸுக்கு நின்றாலும், பேனர் கண்ணில் பட்டால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன். ராத்திரி உட்கார்ந்து பட்டியலில் பெயரைத் தேடிக் குறித்துவிடுவேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, என் சொந்த மூளை. ஒரு கூட்டத்தில் மேலதிகாரி என்னை எழுந்து நிற்கச் சொல்லி, “இவங்களைப் பாருங்க, எவ்வளவு சீக்கிரம் முடிச்சிருக்காங்க” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த அக்காவின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மார்வலி வந்து போய்ச் சேர்ந்தார். பேனருக்குப் படம் தேடியபோது அவர் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையாம். இருந்த ஒரே நல்ல படம் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தது. கணவனும் மனைவியும் கழுத்து நிறைய மாலையோடு சேர்ந்து நிற்கிறார்கள். பேனர் கடைக்காரர் படத்திலிருந்து அக்காவை வெட்டிவிடவா என்று கேட்டிருக்கிறார். “உயிரோட இருக்கற அம்மாவ வெட்டாதண்ணா, அபசகுனம்” என்று பெரிய மகன் தடுத்துவிட்டான். அபசகுனம் வேண்டாம் என்று அவன் அம்மாவை விட்டுவைத்ததில்தான் அம்மா செத்தாள்.

நான் அந்த பேனரைச் சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று படம் எடுத்தேன். நடுவில் எண்ணூர் பக்கம் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று நின்றிருந்தது. மேலே இரண்டு முகம், இரண்டு மாலை, விளக்கு. கீழே ‘இப்படிக்கு மனைவி, மகன்கள்’ என்று எழுதியிருந்த இடத்தை லாரி மறைத்துவிட்டது. ஒரே வருஷத்தில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டால் இப்படிச் சேர்த்துப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். பாவம், ரெண்டு பேருமா என்று உச்சுக்கொட்டிவிட்டு ரெண்டு பேரையும் குறித்தேன். வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போனேன், காலை எட்டரைக்கு. பூட்டியிருந்தது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவள் விடிவதற்குள் கிளம்பினால் மதியம்தான் வீடு திரும்புவாள். இதே ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். சாயங்காலம் இன்னொரு நடை போகச் சோம்பேறித்தனம்.

“தப்பு நடந்துபோச்சுக்கா. உட்காருங்க, இப்பவே சரி பண்ணிடலாம்” என்று ஆறாம் நம்பர் படிவத்தை எடுத்து நீட்டினேன்.

“இது யாருக்கு?”

“புதுசா பேர் சேர்க்கறவங்களுக்கு.”

“நான் புதுசா? என் மருமவளுக்கே நரைச்சிப்போச்சி, நான் புதுசா?”

“அது சும்மா ஒரு ஃபாரம்கா. கையெழுத்துப் போட்டா போதும்.”

அக்கா படிவத்தைத் தொடவே இல்லை. கையில் மீன் செதில் ஒட்டியிருந்ததால் என்று முதலில் நினைத்தேன். அவர் வாசப்படியில் குந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“இத பாரு டீச்சரு. ஓட்டுப் போட உள்ள நொழஞ்சா, முதல்ல குந்திகினுகீற ஆபீசரு சீட்ட வாங்கி, நம்ம பேர சத்தமா படிப்பாரு. பாத்துகீறியா? எல்லா கட்சிக்காரனும் காதுல வாங்கி டிக்கு அடிப்பான். மார்க்கெட்ல என்ன நெத்திலிக்கான்றாங்கோ. தெருவுல கிரேன்காரரு சம்சாரம். வூட்ல யம்மா. என் பேர முழுசா, சத்தமா, ஒரு மன்சன் கூப்புடற எடம் அது ஒண்ணுதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு எலெக்சன் வுட்டதில்ல. அந்தப் பேரதான் நீ சாவடிச்சிட்ட. இப்ப வேற ஒருத்தியா வந்து சேருன்ற. முடியாது. நான் சாவல, தப்பா எழுதிட்டோம்னு நீங்க எழுதிக் குடுங்க.”

“அதுக்கெல்லாம் ரூல் இல்லக்கா.”

“ரூல் பாத்தா என்ன சாவடிச்ச?”

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே வந்து, கீழே விழுந்த முட்டையை அள்ளிப் போட்டுவிட்டு, இந்தப் பொம்பளைக்கு என்ன திமிர் என்று ஆயாவிடம் அரைமணி நேரம் பொரிந்து தள்ளினேன். தப்புச் செய்தவளுக்குத்தானே கோபம் அதிகம் வரும்.

அவர் திமிரை ஊரே பேசியது. ஒரு கட்சிக்காரர், “நான் பாத்துக்கறேன்கா, நீ கையெழுத்து மட்டும் போடு” என்று படிவத்தோடு வீட்டுக்கே போயிருக்கிறார். “நீ பாத்துகினா அப்பாலிக்கா நீ சொல்றவனுக்குக் குத்தணும். போ நைனா, வேலையப் பாரு” என்று அனுப்பிவிட்டார். பிறகு ஒரு மனு எழுதி வட்டார அலுவலகத்தில் கொடுத்தார். இரண்டு வரியில் பதில் வந்தது: புதிதாக விண்ணப்பிக்கவும். அந்தக் கடிதத்தை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வியாசர்பாடிக்குப் போய் ஒரு வக்கீலைப் பிடித்தார்.

வக்கீல் என்றதும் நான் ஒரு ஆளை நினைத்து வைத்திருந்தேன். வந்தது ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்த இருபத்தெட்டு வயதுப் பெண், ஸ்கூட்டரில். அங்கன்வாடியில் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் முட்ட உட்கார்ந்து எனக்குப் பொறுமையாக விளக்கினாள். ஒருவர் வீடு மாறிவிட்டார் என்று பெயரை நீக்குவதானால் அவருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, அவர் பேச்சைக் கேட்க வேண்டும். அது சட்டம். செத்துவிட்டார் என்று நீக்குவதற்கு அது தேவையில்லை.

“செத்தவங்ககிட்ட போய் என்னக்கா கேக்கறது? அதான். ஆனா அதனாலேயே, உயிரோட இருக்கற ஒருத்தர ஒரு வார்த்தை கேக்காம தூக்கணும்னா, செத்துட்டாங்கன்னு எழுதறதுதான் சுலபம்.”

ஒரு டிக். ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே போட்ட டிக். அதில் இவ்வளவு இருக்கிறதா? அன்றுவரை அந்தப் பட்டியலை நான் ரேஷன் கடை லிஸ்ட் மாதிரிதான் நினைத்திருந்தேன்.

வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனது. பட்டியலில் அந்தக் குறிப்பைப் போட்டவள் நேரில் வர வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அதற்கு முந்தின வாரம் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, டைப் அடித்த ஒரு தாளைத் தள்ளினார். நான் மூன்று தடவை வீட்டுக்குப் போனதாகவும், அக்கம்பக்கத்தார் இறந்துவிட்டதாகச் சொன்னதாகவும் அதில் இருந்தது.

“கையெழுத்துப் போடும்மா. உன் நல்லதுக்குத்தான்.”

நாளைக்குப் போடுகிறேன் சார் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வேலை போனால் என் கதி? விடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். அக்கா காலில் விழுந்தாவது வழக்கை வாபஸ் வாங்க வைத்துவிட வேண்டும்.

ஏலம் முடிகிற நேரம். வழுக்குகிற தரை, ஐஸ் பெட்டிகள், இரைச்சல், அதற்கு நடுவே அக்கா வஞ்சிரத்தை ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று அழுதேன். தாளைக் காட்டினேன். அவர் படிக்கச் சொன்னார், படித்தேன். செவுளைப் பார்ப்பதை நிறுத்தவே இல்லை.

“கேசு உன் மேல இல்ல டீச்சரு. அழுது ஊர கூட்டாத.”

“என் வேலை போயிடும்கா.”

“போவுமோ போவாதோ, அது எனுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. நீ இதுல கையெழுத்துப் போட்டீன்னா, என் தெருக்காரி எவளோ ஒருத்தி நான் செத்துட்டேன்னு சொன்னதா ஆவும். அப்பாலிக்கா நான் ஒவ்வொருத்தி மூஞ்சியா பாத்து, நீ சொன்னியா, நீ சொன்னியான்னு மனசுக்குள்ள கேட்டுகினே திரியணும். அவளுங்கதான் என் வூட்டுக்காரன் செத்த அன்னிக்கு எனுக்கு சோறு ஊட்னாளுங்க. அவங்கள என்கிட்டேர்ந்து புடுங்காத.”

நான் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

“நீ இன்னா பண்ணியோ அத சொல்லு. நவுரு, ஐஸ் கரையுது.”

அந்தத் தாள் என் கைப்பையிலேயே இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. வீரம் என்று நினைக்க வேண்டாம், கை வரவில்லை, அவ்வளவுதான். மேலதிகாரி இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை.

ஐகோர்ட்டின் சிவப்புக் கட்டடத்தைப் பாரிமுனை போகிற பஸ்ஸிலிருந்து பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நான். உள்ளே கால் வைத்தது அன்றுதான். யப்பா! அந்தத் தூண்களும் வளைவுகளும், தலைக்கு மேலே எங்கேயோ இருக்கிற கூரையும். கறுப்புக் கோட்டுகள் ஆயிரம் ஓடுகின்றன. இவ்வளவு பெரிய இடத்துக்குள் ஒரு மீன்காரம்மாவின் பெயர் போகப்போகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். அக்கா என்னவோ வாசலில் செருப்பைக் கழற்றப் போனார், வக்கீல் பெண்தான் தடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். எதிர்ப்பக்க வக்கீல் எழுந்து, ஒரே ஒரு பெயர்தான், ஒரு படிவம் கொடுத்தால் முடிந்துபோகிற விஷயம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி அவரைப் பார்க்கவில்லை. பின்னால் நின்றிருந்த அக்காவைப் பார்த்துத் தமிழில் கேட்டார், “நீங்கதானா அவங்க?”

“நான்தான்யா. உயிரோடதான் கீறேன்.”

கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது. “இவங்க இறந்துட்டதா எழுதினது யார்?”

நான் முன்னால் போனேன். மேலதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனரைப் பார்த்து எழுதினேன் ஐயா என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எந்த பேனர் என்று நீதிபதி கேட்டார். போனில் அந்தப் படத்தைத் தேடிக் கொடுத்தேன். நீதிபதி அதை வாங்கி, விரலால் பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தார். மாலை, விளக்கு, பாதி லாரி.

“இப்படிப் படம் பார்த்து இன்னும் எத்தனை பேரை எழுதியிருக்கீங்க?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கே அது தோன்றவில்லை. ஒரு ஆளின் பெயர் போன கதையாகத்தான் என் மண்டையில் இருந்தது. “போன்ல இருக்கறதெல்லாம் ஐயா” என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அவர் மறுபடி கேட்டார், நான் மறுபடி சொன்னேன்.

உத்தரவு சின்னதுதான். புதுப் படிவம் எதுவும் கேட்காமல் அக்காவின் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். நீக்கியது தவறு என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் நாலு தெருப் பட்டியலில் இறந்ததாகக் குறித்த ஒவ்வொரு வீட்டுக்கும், ஆள் இருக்கிற நேரத்தில், நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வெளியே வந்ததும் அக்கா வக்கீல் பெண்ணிடம், “அவ்ளோதானா? நான் சாயங்காலம் ஆவும்னு சோறு கட்டிகினு வந்தேன்” என்றார். மூவரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். இவர் முன்னால் நான் ரொம்பச் சின்ன ஆள் என்று அப்போது தோன்றியது. அதில் வருத்தமும் இல்லை.

எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். கண்டித்து விட்டார்கள். பட்டியல் வேலையை மட்டும் என்னிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. எடுத்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

சாயங்காலம் சாயங்காலமாகப் போனேன். பேனரில் பார்த்தவர்கள் பெரும்பாலும் செத்துத்தான் போயிருந்தார்கள். இருவர் சாகவில்லை. அதில் ஒருவர், செத்துப்போன தம்பிக்குப் போட்ட பேனரில் தோளில் கை போட்டுக்கொண்டு நின்ற அண்ணன். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை செய்கிறவர். ஷிப்ட் முடிந்து வந்து, லுங்கியோடு கதவைத் திறந்தார். நான் அவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“இன்னாம்மா, பேயப் பாத்த மாதிரி பாக்கற?”

ஒன்றுமில்லைண்ணா என்றேன். எப்படிச் சொல்வது? எழுத்தில் அவர் மூன்று மாதமாகச் செத்துக் கிடந்தார். அவருக்கே தெரியாது. அக்கா மட்டும் அன்று அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தால், இந்த அண்ணன் ஓட்டு நாளில் வரிசையில் நின்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருப்பார்.

அந்த நாளும் வந்தது. எங்கள் பள்ளிக்கூட வாசலில் உதவி மேசை போட்டு, பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு உள்ளே முதல் ஆபீசரின் மேசை. ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போது வரிசையில் முதல் ஆளாக அக்கா நின்றார். காசிமேட்டுக்குப் போகவில்லை அன்று. அறுபதாம் கல்யாணப் பட்டுப்புடவை. பேனரில் பார்த்த அதே புடவை.

உள்ளே போனார். நான் வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். ஆபீசர் சீட்டை வாங்கினார், வரிசை எண்ணைச் சொன்னார், பிறகு பெயரை வாசித்தார். முழுப் பெயர். அதை இங்கே எழுதக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கட்சி ஏஜெண்டுகளின் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. அக்கா நகரவில்லை.

“அடுத்த டேபிளுக்குப் போங்கம்மா. மை வைப்பாங்க.”

“இன்னொரு தபா படிங்க சார்.”

ஆபீசர் நிமிர்ந்து பார்த்திருப்பார் போல. பிறகு மறுபடி வாசித்தார், இன்னும் உரக்க. தெருவரை கேட்டது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. எதிரில் சீட்டுக்கு நின்ற பெரியவர், “யாராவது செத்துட்டாங்களாம்மா?” என்று கேட்டார். இல்லை ஐயா, இல்லை என்றேன்.

அக்கா வெளியே வந்தார். மை காயாத விரலைத் தூக்கிப் பிடித்தபடி என் மேசை முன் நின்றார். நன்றாகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“நீ போட்டியா?”

“இன்னும் இல்லக்கா. கூட்டம் குறைஞ்சதும் போவேன்.”

“இப்பவே போ. நான் குந்திக்கறேன், ஒருத்தரும் லிஸ்ட்ட தூக்கினு போவ மாட்டாங்கோ. போயி உன் பேர கேட்டுட்டு வா.”

என் நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிட்டார். நான் வரிசையில் நின்றேன். இருபது வருஷமாக இதே பள்ளியில் ஓட்டுப் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் சீட்டை நீட்டுவேன், மையை வாங்குவேன், பட்டனை அழுத்திவிட்டு அடுப்பில் வைத்ததை நினைத்துக்கொண்டு ஓடுவேன். வீட்டில் அம்மா, தெருவில் டீச்சர், ஆபீசில் ‘இந்தாம்மா’.

ஆபீசர் என் சீட்டை வாங்கினார். என் பெயரை வாசித்தார்.

இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. பின்னால் வரிசை நீளமாக இருந்தது, நான் மை வைக்கிற மேசைக்குப் போனேன்.